உரைச் சுருக்கங்களும் அவற்றை இயக்கும் ஸ்கிரிப்டுகளும்

கணினியில் சில எழுத்துகளைத் தட்டியதும் அவை மறைந்து, முன்பே எழுதி வைத்த சொற்றொடரோ பத்தியோ முழுக் கடிதமோ அந்த இடத்தில் வந்து நிற்கும் வசதியே உரைச் சுருக்கம். தட்டும் எழுத்துகளைச் ‘சுருக்கம்’ என்றும், அவற்றின் இடத்தில் வருவதை ‘விரிவு’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இந்த வேலையைச் செய்யும் மென்பொருள் ‘உரை விரிப்பான்’. சுருக்கங்களின் பட்டியலை ஒவ்வொன்றாகக் கையால் சேர்க்காமல் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் எழுதி உருவாக்கலாம். விரிவையே அந்தக் கணத்தில் ஸ்கிரிப்ட் கணக்கிட்டுத் தரவும் செய்யலாம்.

வழக்கறிஞர் அலுவலகம், மருத்துவப் பதிவேடு, வாடிக்கையாளர் சேவை, மொழிபெயர்ப்பு என ஒரே வாசகம் நாள்தோறும் திரும்பி வரும் இடங்களிலெல்லாம் இது பயன்படுகிறது. நேரம் மிச்சமாவதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பிழை குறைவது அதைவிடப் பெரிய பலன். வங்கிக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் ஒருமுறை சரிபார்த்துச் சேர்த்துவிட்டால், அதன்பின் எத்தனை அவசரத்திலும் ஓர் இலக்கம் இடம் மாறாது.

வரலாறு

சுருக்கி அனுப்பி விரித்து எழுதும் பழக்கம் கணினிக்கு முந்தையது. அமெரிக்கச் செய்தி நிறுவனங்களின் தந்தி ஊழியர்களுக்காக வால்ட்டர் ஃபிலிப்ஸ் 1879இல் ஒரு சுருக்கத் தொகுப்பை வெளியிட்டார். அனுப்புபவர் சுருக்கத்தைத் தட்டுவார். பெறுபவர் முழுச் சொல்லாக எழுதிக்கொள்வார். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தை ‘ஸ்கோட்டஸ்’ என்று செய்தியாளர்கள் இன்றும் குறிப்பிடுவது அந்தத் தொகுப்பின் எச்சம்தான். பின்னாளில் விஐ, ஈமாக்ஸ் போன்ற உரைத் தொகுப்பிகள் இதே வேலையைத் தமக்குள் செய்தன. ஆனால் அங்கே வைத்த சுருக்கம் அந்தத் தொகுப்பிக்குள் மட்டுமே விரிந்தது.

பொதுமக்கள் கைக்கு இது வந்தது மைக்ரோசாஃப்ட் வேர்டு வழியாக. வேர்டின் பழைய பதிப்புகளில் ‘குளோசரி’ என்றொரு வசதி இருந்தது: ஒரு பெயரைத் தட்டி எஃப்3 விசையை அழுத்தினால், அந்தப் பெயரில் சேமித்த உரை வரும். அந்தக் குழுவில் இருந்த டீன் ஹச்சமோவிச், ஆங்கிலத்தில் ‘த’ என்னும் சுட்டுச்சொல்லின் எழுத்துகளை மாற்றித் தட்டுவோருக்கு இதே வசதியைக் கொண்டு திருத்தம் செய்ய முடியும் என்று கண்டார். தனி விசை எதற்கு, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் எப்படியும் ஸ்பேஸ் பாரைத் தட்டத்தானே போகிறார்கள் என்பது அவருடைய அடுத்த எண்ணம். ஸ்பேஸையே ஆணையாக எடுத்துக்கொண்ட ‘ஆட்டோகரெக்ட்’ 1993இல் வேர்டு 6உடன் வந்தது. இன்றைய விரிப்பான்கள் பலவும் சொல் முடிவைக் கண்டு விரிப்பது இந்த வழியில்தான்.

எல்லாச் செயலிகளிலும் இயங்கும் விரிப்பான்கள் 2000களில் பரவின. விண்டோஸுக்கான ஆட்டோஹாட்கீ மொழியைக் கிறிஸ் மாலெட் 2003இல் வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. மேக் கணினிகளில் டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர் 2006இலிருந்து இருக்கிறது. லினக்ஸில் பைதான் ஸ்கிரிப்டுகளை இயக்கும் ஆட்டோகீ உண்டு. மூன்று இயங்குதளங்களிலும் ஓடும் எஸ்பான்சோவை ஃபெடெரிகோ டெர்சி 2019இல் ரஸ்ட் மொழியில் எழுதி, திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார்.

இயங்கும் முறை

விரிப்பான் பின்னணியில் நின்று ஒவ்வொரு விசைத் தட்டலையும் கவனிக்கிறது. கடைசியாகத் தட்டிய எழுத்துகளை ஒரு சிறு நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதன் வால்பகுதி பட்டியலில் உள்ள ஏதாவது சுருக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தியதும் சுருக்கத்தின் நீளத்துக்கு பேக்ஸ்பேஸ் தட்டல்களைத் தானே அனுப்பி அழிக்கிறது. பிறகு விரிவை அனுப்புகிறது. செயலியைப் பொறுத்தவரை யாரோ வேகமாகத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் பழைய கணக்குப்பதிவு மென்பொருளிலும் இது வேலை செய்கிறது. சுட்டியைச் சொடுக்கினாலோ அம்புக்குறி விசையால் நகர்ந்தாலோ ஆட்டோஹாட்கீ அந்த நினைவகத்தை அழித்துவிடும். கர்சர் வேறிடம் போனபின் பழைய எழுத்துகளோடு பொருத்திப் பார்ப்பது ஆபத்து.

விரிவை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழுத்தெழுத்தாகத் தட்டுவது. குறுகிய உரைக்கு இது போதும். நீண்ட கடிதத்துக்கு மெதுவாக இருக்கும், நடுவில் நாம் ஏதாவது விசையைத் தொட்டால் அதுவும் இடையில் கலக்கும். மற்றொன்று, கிளிப்போர்டு வழி: அதில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு, விரிவை அங்கே போட்டு, ஒட்டும் ஆணையை அனுப்பி, பழையதைத் திருப்பி வைப்பது. கடைசி இரண்டு படிகளுக்கு இடையே ஸ்கிரிப்ட் சற்றுப் பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் செயலி ஒட்டப்போகும் நேரத்தில் கிளிப்போர்டில் பழைய உரை திரும்பியிருக்கும். கடிதத்துக்குப் பதிலாக, கடைசியாக நகலெடுத்த வேறொன்று போய் விழும். ‘சில நேரம் மட்டும் தவறான உரை வருகிறது’ என்ற புகாருக்கு இதுவே அடிக்கடி காரணம்.

ஆட்டோஹாட்கீயில் ஒரு சுருக்கத்தின் அமைப்பு மிக எளிது: இரண்டு முக்காற்புள்ளி, சுருக்கம், மீண்டும் இரண்டு முக்காற்புள்ளி, விரிவு. ஒரு வரி, ஒரு சுருக்கம். சுருக்கம் 40 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். முதல் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரக்குறி இட்டால், ஸ்பேஸுக்குக் காத்திராமல் உடனே விரியும். கேள்விக்குறி இட்டால் ஒரு சொல்லின் நடுவிலும் விரியும். விரிவுக்குப் பதிலாக ஒரு நிரல் துண்டையும் எழுதலாம். இன்றைய தேதி, நேரம், கிளிப்போர்டில் உள்ள பெயரை ஏற்ற வணக்க வரி ஆகியவை அப்படி வருபவை. எந்தச் சாளரம் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்து, மின்னஞ்சலில் ஒருவிதமாகவும் நிரல் தொகுப்பியில் வேறுவிதமாகவும் விரியச் செய்யவும் முடியும். எஸ்பான்சோ இதே விவரங்களை யாமல் என்னும் எளிய உரைக் கோப்பில் கேட்கிறது. தேதி, படிவம், வெளி ஸ்கிரிப்டின் விடை ஆகியவற்றை விரிவில் சேர்க்கலாம். கோப்பைச் சேமித்த உடனே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

பட்டியலை ஸ்கிரிப்டால் ஆளுதல்

ஆட்டோஹாட்கீயின் ஆவணத்தில் ஓர் உதவி ஸ்கிரிப்ட் இருக்கிறது. உரையைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் விசையுடன் ‘எச்’ தட்டினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். சுருக்கத்தை மட்டும் தட்டினால் போதும், புதிய வரியை ஸ்கிரிப்ட் தன் கோப்பின் கடைசியில் தானே எழுதிக்கொண்டு மறுபடி தொடங்கும். அந்த வரியில் பிழை இருந்து தொடங்க முடியாமல் போனால், கோப்பைத் திறந்து திருத்தலாமா என்று கேட்கும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சிறு நிரல் படித்துப் பார்க்கத் தக்கது; தானியக்கம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம்.

ஆனால் மென்பொருளுக்குள்ளேயே பட்டியலை வளர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனம் கணினியை மாற்றும், மேக் வரும், மென்பொருள் சந்தாவுக்கு மாறும், டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர் 2016இல் மாறியதைப் போல. அப்போது ஆண்டுக்கணக்கில் சேர்த்ததெல்லாம் ஒரே வடிவத்தில் சிக்கியிருக்கும். ஆகவே மூலப் பட்டியல் ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பாக, இரண்டே நெடுவரிசைகளில், சுருக்கமும் விரிவுமாக இருப்பதே சரி. அதிலிருந்து ஒவ்வொரு மென்பொருளும் கேட்கும் வடிவத்தை ஸ்கிரிப்ட் எழுதித் தரட்டும். ஆட்டோஹாட்கீக்கு முக்காற்புள்ளி வரிகள், எஸ்பான்சோவுக்கு யாமல். மேக்கில் தனி மென்பொருளே இல்லாமல், விசைப்பலகை அமைப்பில் உள்ள ‘டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்’ பட்டியலுக்கும் இதே வழி: அங்குள்ள வரிகளைத் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்புக்கு இழுத்தால் பிலிஸ்ட் என்னும் கோப்பாக வெளியே வரும், அதே அமைப்பில் எழுதிய கோப்பை உள்ளே இழுத்தால் சுருக்கங்கள் மொத்தமாகச் சேரும். பைதான் மொழியில் அட்டவணையைப் படிக்கவும் பிலிஸ்ட் எழுதவும் தேவையான நூலகங்கள் ஏற்கெனவே இருப்பதால், மொத்த ஸ்கிரிப்டும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஐகிளவுட் வழியே அதே பட்டியல் ஐபோனுக்கும் போய்ச் சேரும்.

கோப்பை எழுதுமுன் ஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உடனே விரியும் சுருக்கங்களில் ஒன்று மற்றொன்றின் தொடக்கமாக இருந்தால், நீண்டது ஒருபோதும் விரியாது. அதைத் தட்டி முடிப்பதற்குள் குறுகியது முந்திக்கொள்ளும். பட்டியலை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொரு சுருக்கத்தையும் அடுத்ததோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். ஒரு சுருக்கத்தோடு தொடங்கும் மற்றவையெல்லாம் வரிசையில் அதன் கீழேயே வந்து நிற்கும் என்பதால், மோதல் இருந்தால் கட்டாயம் அகப்படும். நூற்றுக்கணக்கான வரிகளை இப்படி நொடியில் சோதிக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ் உரையில்

தமிழில் தட்டுவோருக்கு ஆங்கிலத்தில் இல்லாத சில தடைகள் உண்டு. முதலாவது, எழுத்தும் குறியும் ஒன்றல்ல. ‘மின்னஞ்சல்’ நம் கணக்கில் ஆறெழுத்து. யூனிகோடில் பத்துக் குறிகள். பேக்ஸ்பேஸ் சில இடங்களில் ஒரு குறியை அழிக்கும், சில இடங்களில் முழு எழுத்தையும் அழிக்கும். எண்ணிக்கை பிசகினால் சுருக்கத்தின் மிச்சம் திரையில் நிற்கும், அல்லது அதற்கு முன்னால் இருந்த சொல்லும் சேர்ந்து அழியும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் இன்னொரு இடர்: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பொருத்திப் பார்க்கும் நிரலுக்கு அவை வேறு வேறு. பட்டியலை உருவாக்கும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, தமிழ் விசைப்பலகை மென்பொருளும் விரிப்பானும் ஒரே விசைத் தட்டலைக் கவனிக்கின்றன. விரிப்பானுக்குத் தமிழெழுத்து தெரியுமா, அடியிலுள்ள ஆங்கில விசை தெரியுமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஆங்கிலப் பயனர்கள் வழக்கமாகச் சுருக்கத்தின் முன்னால் வைக்கும் அரைப்புள்ளியும் இங்கே உதவாது, தமிழ்99 அமைப்பில் அந்த விசையில் ‘ந’ இருக்கிறது. காற்புள்ளியும் எண்களும் தமிழ்99இல் இடம் மாறுவதில்லை. எனவே இரண்டு காற்புள்ளியும் ஓர் எண்ணும் சேர்ந்த சுருக்கம் ஆங்கில விசைப்பலகையிலும் தமிழ்99இலும் ஒன்றுபோல் இயங்கும்.

மூன்றாவது தடை, வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் விரிந்த சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ‘மாவட்ட ஆட்சியர் அலுவலகம்’ என்று விரிந்தபின் நமக்கு வேண்டியது ‘அலுவலகத்தில்’ என்றால், திரும்பிப் போய் மகரத்தை அழிக்க வேண்டும். ‘அலுவலக’ என்பதோடு விரிவை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கையால் தட்டுவது ஒரு வழி. ஸ்கிரிப்டிடமே விடுவது இன்னும் நல்லது: மகரத்தில் முடியும் பெயர்களுக்கு மகரம் கெட்டு அத்துச்சாரியை சேரும் விதியை ஒருமுறை எழுதினால், ஒவ்வொரு பெயருக்கும் எல்லா வடிவங்களையும் அதுவே பட்டியலிடும். வேற்றுமை எண்ணையே கடைசி இலக்கமாக வைக்கலாம். ஆட்சியர் அலுவலகம் பட்டியலில் மூன்றாவது என்றால், இரண்டு காற்புள்ளியுடன் 31 எழுவாய், 32 ‘அலுவலகத்தை’, 34 ‘அலுவலகத்துக்கு’, 37 ‘அலுவலகத்தில்’. இலக்கணப் பாடத்தில் படித்த எண்கள் விரல்களுக்குப் பழகிவிடும். எல்லாச் சுருக்கங்களுக்கும் இலக்கங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், முன்னே சொன்ன மோதலும் வராது.

கோப்பின் குறியாக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஆட்டோஹாட்கீயின் இரண்டாம் பதிப்பு கோப்பை யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. முதல் பதிப்பில் கோப்பின் தொடக்கத்தில் அதற்கான அடையாளக் குறி இல்லாவிட்டால், தமிழ் வரிகள் பொருளற்ற குறிகளாக விரியும்.

பாதுகாப்பு

விரிப்பான் நாம் தட்டும் எல்லாவற்றையும் பார்க்கிறது. விசைத் தட்டலைத் திருடும் தீநிரலும் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், ஆட்டோஹாட்கீயில் தொகுத்த நிரல்களை வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் தவறாகச் சந்தேகிப்பது உண்டு. மேக்கில் பயனர் வெளிப்படையாக அனுமதி தந்தாக வேண்டும். கடவுச்சொல் பெட்டியில் கர்சர் இருக்கும்போது பிற மென்பொருள்கள் விசைகளைப் பார்க்காதபடி அந்த இயங்குதளம் தடுக்கிறது, ஆகவே அங்கே சுருக்கம் விரியாது. விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்துக்குச் சாதாரண உரிமையில் ஓடும் ஸ்கிரிப்ட் எதையும் தட்ட முடியாது. லினக்ஸின் வேலண்ட் என்னும் சாளர அமைப்பு, ஒரு செயலி மற்றொன்றின் விசைகளைக் கேட்பதையே அடிப்படையில் மறுக்கிறது. அதற்கு முந்தைய எக்ஸ்11 அமைப்பை நம்பியிருந்த ஆட்டோகீ அங்கே தடுமாறுவது இதனால்தான்.

கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் சுருக்கமாக வைப்போர் இருக்கிறார்கள். அது கூடாது. பட்டியல் வெறும் உரைக் கோப்பு. கணினியைத் திறக்கக்கூடிய எவரும் அதைப் படிக்கலாம். அலுவலகத்தில் ஒரே பட்டியலைப் பலர் பகிரும் இடத்தில் அது இன்னும் பலர் கைக்குப் போகிறது. கடவுச்சொற்களுக்கென்றே மறையாக்கம் செய்து சேமிக்கும் மென்பொருள்கள் தனியே இருக்கின்றன.