விரிஞ்சிபுரம் விரிஞ்சை ஆன கதை

விரிஞ்சிபுரம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறக்கும் 'வி', நாநுனி தொட்டு விலகும் 'ரி', நடுநா அண்ணத்தில் ஒட்டி மூக்கொலியோடு அவிழும் 'ஞ்சி', இதழ் குவிந்து கூடி முடியும் 'புரம்' என்று வாய் முழுவதற்கும் வேலை கொடுக்கும் பெயர் இது. வேலூருக்கு மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில், பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது ஊர். சுற்றிலும் பொய்கை, செதுவாலை, சேண்பாக்கம் என்று ஊர்கள் நிற்க, நடுவே இந்த வடசொற்பெயர் எப்படி வந்து குடியேறியது?

விரிஞ்சன், விரிஞ்சி என்பன நான்முகனைக் குறிக்கும் பெயர்கள். வடமொழியில் 'விரிஞ்ச', 'விரிஞ்சி' என இரு வடிவங்களும் உண்டு. முதல் வடிவத்துக்கு அன் ஈறு கூட்டி 'விரிஞ்சன்' என்று ஆண்பாற்பெயராக்கிக்கொண்ட தமிழ்ப் புலவர்கள் அதைப் பாட்டில் தாராளமாக ஆண்டார்கள். ஊர்ப்பெயரோ இரண்டாம் வடிவத்தை அப்படியே காத்து வைத்திருக்கிறது. சிவனின் திருமுடி காணாமலே கண்டதாகப் பொய்யுரைத்த நான்முகன் சிவசர்மன் என்னும் சிறுவனாக இங்கே பிறந்தான் என்றும், நீராட்ட அவன் கைக்கு எட்டாதபோது இறைவன் தன் முடியைச் சாய்த்துக் கொடுத்தான் என்றும் தலபுராணம் சொல்கிறது. கருவறையில் சற்றே சாய்ந்து நிற்கும் இலிங்கம் அந்தக் கதைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. தலைவணங்காதவனுக்குத் தலைவணங்கியவன் ஊர், வணங்கப்பட்டவன் பெயரையே சூடிக்கொண்டது.

வந்த சொல் விருந்தாகவே இருந்துவிடவில்லை. மெல்லினமும் அதன் இனமும் கூடிய 'ஞ்ச' தமிழ்க் காதுக்குப் பழகிய ஓசை: காஞ்சி, வஞ்சி, தஞ்சை, நெஞ்சு, மஞ்சள். அந்த வரிசையில் விரிஞ்சி இயல்பாகப் போய் அமர்ந்தது. தஞ்சாவூரைத் தஞ்சை என்றும் புதுச்சேரியைப் புதுவை என்றும் சுருக்கும் அதே மரூஉ வழக்கு, ஐகார ஈறு தந்து இவ்வூரையும் 'விரிஞ்சை' ஆக்கியது. முதலில் ஓசை பழகி, பின் ஈறு மாறி, வடசொல் தமிழ்ச்சொல்லாகக் குடிபுகுந்த படிகள் இவை.

இவ்விடத்தில் சொல்விரும்பிகளை மயக்கும் ஓர் ஒப்புமை உண்டு. பழந்தமிழில் 'இஞ்சி' என்றால் மதில். விரிஞ்சையோ மதிலுக்குப் பேர்போனது. ஊர்தோறும் ஓர் அழகைச் சொல்லும் பழமொழி வரிசையில் இவ்வூருக்குக் கிடைத்தது 'மதிலழகு'. ஆளுயரத்தைப் பலமுறை அடுக்கினாற்போல் எழும் கருங்கல் மதிலின் அடியில் நின்று அண்ணாந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். விரிந்த இஞ்சி உடையதால் விரிஞ்சி என்று சொல்ல நாக்குத் துறுதுறுக்கும். ஆனால் 'விரி'யும் 'இஞ்சி'யும் புணர்ந்தால் யகர உடம்படுமெய் தோன்றி 'விரியிஞ்சி' என்றல்லவா வரவேண்டும்? ஆகவே இது வேர் அன்று, தற்செயலாக நேர்ந்த ஓசையின்பம் என்று சுவைத்துவிட்டு விடுவதே முறை. மதிலை உண்மையாகவே தன்னுள் வைத்திருப்பது பெயரின் பிற்பாதி. வடமொழியில் 'புர்' என்பதன் பழம்பொருள் அரண், மதில்; மதில் சூழ்ந்த இடம் 'புர'மாகி, பின் நகரங்களுக்கெல்லாம் பொதுப்பெயரானது.

புரம் என்றதும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நினைவுக்கு வரலாம். அந்நகரின் ஈற்றில் நிற்கும் 'பர்க்' கோட்டையைக் குறிக்கும் செருமானியக் கிளைச்சொல். நம் புரத்தோடு ஓசையிலும் பொருளிலும் ஒத்திருந்தும் வேரில் உறவில்லாதது. ஆயினும் அப்பெயரின் வரலாறு நமக்குப் பாடம். பழைய பிரித்தானிய மொழியில் அது 'டின் எய்டின்', எய்டின் கோட்டை. ஆங்கிலம் பேசியோர் வந்து 'டின்'னைத் தங்கள் சொல்லாக மாற்றிப் பின்னே வைத்தார்கள். கேலிக் மொழியில் இன்றும் அது 'டூன் ஏட்யன்'. இப்படி ஒரே பொருள் இரண்டு மொழிகளில் இரண்டு சட்டை போட்டுக்கொள்வது விரிஞ்சைக் கோயிலுக்குள்ளும் நடந்திருக்கிறது.

இறைவன் பெயர் மார்க்கபந்தீசுவரர், தமிழில் வழித்துணைநாதர். மார்க்கம் வழி, பந்து உறவினன். துணை என்ற சொல் வடசொல்லைவிட ஒரு படி மேலே போகிறது. உறவு இருந்த இடத்திலேயே இருக்கலாம், துணை என்றால் கூடவே நடந்து வரவேண்டும். மிளகு மூட்டைகளோடு காஞ்சிக்குப் புறப்பட்ட வணிகருக்குக் கள்வர் அச்சம் தீரக் காவலனாக உடன்வந்தான் இறைவன் என்ற கதை, இப்பெயரின் பொருளை நடத்திக்காட்டுவதே. அப்பைய தீட்சிதர் பெயரால் வழங்கும் தோத்திரம் ஒன்றும் மார்க்கபந்துவையே விளிக்கிறது. வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களிலோ மார்க்கபந்து இன்றும் பிள்ளைக்கு இடும் பெயர்.

இக்கோயிலில் 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் பெண்ணுக்குப் பொன் வாங்கி மணம் முடிக்கக்கூடாது, கன்னிகாதானமாகவே தரவேண்டும் என்று கூடி எழுதிய உடன்படிக்கை அது. ஒப்பியவர்களைக் கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்று கல்லில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இலாளர் என்போர் மேற்கே லாட தேசத்தார். லகரத்தில் சொல் தொடங்காது என்பதால் முன்னே ஓர் இகரத்தை நிறுத்தி, கல்தச்சர் உளியும் தமிழிலக்கணம் காத்திருக்கிறது.

எல்லா மாற்றமும் இப்படி ஒழுங்கோடு நடப்பதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் எழுந்தருளியிருப்பவரை இன்று சலகண்டேசுவரர் என்கிறோம். சலம் நீர், சுற்றிலும் அகழி, பொருள் பொருந்திவிடுகிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் விசயநகர மன்னர் சதாசிவராயர் காலக் கல்வெட்டுகள் அவரைச் சொல்வது 'ஜ்வரகண்டேசுவரர்' என்று. ஜ்வரம் நாம் சுரம் என்னும் காய்ச்சல், கண்டம் வெட்டுவது, காய்ச்சலை வெட்டி நீக்குபவர். ரகரம் லகரமாகச் சாய்ந்ததும் சுரம் நீராயிற்று, கண்ணெதிரே கிடந்த அகழி புதுப்பொருளுக்குக் கரைகட்டிக் கொடுத்தது.

ஆர்க்காட்டுக்கும் இதுவே நேர்ந்தது. ஆர் என்பது ஆத்தி மரம். சங்கப் பாடலிலேயே இப்பெயருடைய ஊர் உண்டு. பேச்சில் அது 'ஆறு காடு' எனக் கேட்க, வடமொழியில் 'சடாரண்யம்' என்று பெயர்த்து ஆறு முனிவர்க்கு ஆறு வனம் வகுத்துவிட்டார்கள். பாலாற்றங்கரைப் பள்ளிகொண்டாவோ, அரங்கநாதர் அங்கே பள்ளிகொண்டதால் பெற்ற பெயர். படுத்திருக்கும் பெருமாள் சொல்லிலிருந்து நழுவ, படுத்த வினை மட்டும் ஊராய் நிற்கிறது.

இவற்றில் எதையும் 'திருத்தி' எழுதவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். சலகண்டரை வணங்குவோர் வாயில் அந்தப் பெயர் பிழையில்லை; அது மக்கள் தங்கள் கண்ணுக்குப் பொருந்தத் தைத்துக்கொண்ட சொல். வேண்டுவது ஒன்றே. கோட்டை கட்டிய காலத்தையும் மதிலின் உயரத்தையும் சொல்லும் அறிவிப்புப் பலகைகள், வழித்துணை என்றால் என்ன, ஜ்வரம் எப்படிச் சலமானது என்பதையும் இரண்டு வரியில் சொல்லட்டும். கல்லைக் காணவருபவர் சொல்லையும் கண்டு போகட்டும். கல்லுக்கு இணையாகச் சொல்லும் இவ்வூர்களின் பழஞ்சின்னம்தான்.