வீடு உங்கள் பெயரில், வழக்கறிஞர் யார் பக்கம்?

ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் வீடு வாங்கிய தோட்டத்துக் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வீட்டு விலை, கட்டிய முன்பணம், வங்கிக்கு மாதந்தோறும் போகும் தவணை, கிரில் அடித்த செலவு என்று எல்லாவற்றையும் சலிக்காமல் சொல்வார்கள். வழக்கறிஞருக்குக் கொடுத்த காசு என்றதும் முகம் மாறிவிடும். “நாலு கையெழுத்துக்கு நாலாயிரம் வெள்ளியா?”

கேள்வியில் தப்பில்லை. இதே கேள்வியை ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதன் பலன்தான் இன்று ஜெராமில் வீடு வைத்திருப்பவரின் கையில் இருக்கும் கிராண்ட்.

அவர் பெயர் ராபர்ட் டோரன்ஸ். அயர்லாந்தில் பிறந்து அடிலெய்டில் சுங்க அதிகாரியாக இருந்தவர். சட்டம் படித்தவர் அல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்து முறையில் ஒரு நிலத்தை வாங்குவதென்றால், அதை முன்பு யார் யாருக்கு விற்றார்கள் என்ற பழைய பத்திரக் கட்டை முழுவதும் அவிழ்த்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அதே கட்டை இன்னொரு வழக்கறிஞர் முதலிலிருந்து படிப்பார், அதற்குக் கட்டணமும் வாங்குவார். டோரன்ஸ் சுங்கத்தில் கப்பல் பதிவேட்டைப் பார்த்துப் பழகியவர். கப்பல் யாருடையது என்று ஒரே ஏட்டில் எழுதியிருக்கிறது, நிலத்துக்கு மட்டும் ஏன் முடியாது என்பது அவர் கட்சி. தென் ஆஸ்திரேலிய வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள், பிழைப்பாயிற்றே! ஆனாலும் 1858இல் சட்டம் வந்தது. அரசாங்க ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வழக்கறிஞர் அல்லாத நிலத் தரகர்களுக்கும் உரிமம் கொடுத்து, கைமாற்றப் பத்திரம் எழுத அங்கே அனுமதித்தார்கள்.

அந்த முறையை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததில் வில்லியம் மேக்ஸ்வெல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. 1889 முதல் 1892 வரை சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் அவர். சிலாங்கூரின் நில உரிமைப் பதிவு விதிகள் 1891இல் அவர் காலத்தில்தான் வந்தன. பிறகு 1911, 1926 சட்டங்கள். கடைசியாக 1966 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டம். பினாங்கும் மலாக்காவும் அதுவரை பழைய பத்திர முறையோடு இருந்தவை. சிலாங்கூர்க்காரர்களுக்கு அந்தத் தொல்லை வெகு காலத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

இந்தக் காகிதத்தின் அருமையை மலாயாத் தமிழரில் முதலில் புரிந்துகொண்டவர்கள் நகரத்தார் என்று சொல்லலாம். கடன் வாங்க வருபவர் கிராண்டைக் கொண்டுவந்து கொடுப்பார். செட்டியார் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நில அலுவலகத்தில் தடை மனு பதிந்துவிடுவார். ‘கேவியட்’ என்று இன்று சொல்வது அதைத்தான். கடன் தீரும்வரை நிலம் நகராது. மலாய்க்காரர் நிலம் இப்படிக் கடனில் போகிறது என்ற கவலை, 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம். அந்த வகை நிலத்தை மற்ற இனத்தவர் பெயருக்கு மாற்ற முடியாது. கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் அப்படிப்பட்ட நிலம் உண்டு. வீடு வாங்குபவர் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் தோட்டத்துத் தமிழருக்குக் கிராண்டோடு என்ன பழக்கம்? ஒன்றுமில்லை. 1917இல் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது இதே கோல சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரே தமிழ்! பெயரைக் கொடுத்த தமிழர் லயத்தில் இருந்தார்கள், கிராண்டு கம்பெனிப் பெட்டியில் இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் வேலைக்குச் சேராவிட்டால், சட்டி பானையோடு வெளியேற வேண்டியதுதான்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்களுடையதாயிற்று. பின்னர் தேசிய நிலச் சட்டத்திலும் ஒரு பிரிவு சேர்ந்தது: 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியின்றிப் பல பேருக்குப் பிரித்து விற்கக் கூடாது.

அதனால் லயத்து வீடு லயத்துக்காரருடையதாகிவிடவில்லை. வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய 5 தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த கதை பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். 245 வீடுகளுக்கான திட்டம் அண்மை ஆண்டுகளில்தான் உருப்பெற்றது. வாய்ச்சொல்லுக்கும் பதிவேட்டில் ஏறிய பெயருக்கும் உள்ள தூரம் அது.

மற்ற குடும்பங்கள் ஊழியர் சேமநிதியையும் தோட்டம் கொடுத்த இழப்பீட்டையும் வைத்து வெளியில் வீடு தேடின. ஒரு பரம்பரையிலேயே முதன்முதலாக நிலம் வாங்கியவர்கள். கிராணியிடமும் சங்கத்திடமும் பேசத் தெரியும். வழக்கறிஞர் என்றால் போலீஸ் கேசு, மணமுறிவு. நிலத்துக்கு எதற்கு? இந்த எண்ணத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். விவசாய நிலத்தை ஒருவர் பத்துத் துண்டாகக் கோடு போட்டு விற்பார். வாங்குபவருக்கு ஒரு சத்தியப் பிரமாணத் தாள், அதில் ஒரு முத்திரை. வீடு கட்டிக் குடிபோய்ப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கிராண்டு இன்னும் ஒரே ஆள் பெயரில் இருக்கும்; அவர் இறந்து, வாரிசுகள் வந்து நிற்பார்கள். மலிவு விலை வீட்டின் கதை வேறு. 1982 முதல் 25,000 வெள்ளியாக இருந்து, 1998இல் இடத்தைப் பொறுத்து 42,000 வெள்ளிவரை என்று மாறிய வீடுகள் அவை. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை அவற்றின் கிராண்டில் ஏறியிருந்தால், முதல் ஆளிடம் பணத்தைக் கொடுத்து அதிகாரப் பத்திரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டதால் வீடு சொந்தமாகிவிடாது. இந்த இரண்டையும் கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்தால் அன்றே கண்டுபிடித்துவிடலாம். யார் பெயர், எந்த வங்கியின் அடமானம், விவசாயமா குடியிருப்பா, 99 ஆண்டுக் குத்தகையா, மலாய் ஒதுக்கீடா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும்.

அப்படியானால் டோரன்ஸ் சொன்னதுதானே சரி, வழக்கறிஞர் எதற்கு என்று கேட்கலாம். தகப்பனார் மகனுக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பதென்றால், இருவரும் நில அலுவலகத்துக்கே நேரில் போய் அதிகாரி முன் 14ஏ படிவத்தில் கையெழுத்திட முடியும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் வாங்குவது வேறு.

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் நிலம் வைத்திருந்த பூன்சோம் பூன்யானிட் என்ற அம்மையார் தாய்லாந்தில் வசித்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு பெண் அந்த நிலத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். வழக்கு நடந்து, 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன்பே அந்த அம்மையார் காலமாகிவிட்டார். நில உரிமையாளர்கள் நாடு முழுக்கக் கலங்கினார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று 2010 ஜனவரியில், குவாந்தான் நிலம் பற்றிய வேறொரு வழக்கில், அதே நீதிமன்றம் சொன்னது. போலிக் கையெழுத்தில் வந்த உரிமையை உண்மையான உரிமையாளர் கேட்டு ரத்து செய்யலாம், வாங்கியவர் நல்ல மனதோடு வாங்கியிருந்தாலும் சரி.

உரிமையாளருக்கு நல்ல செய்தி. வாங்குபவருக்கு? முன்பு ஏட்டைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. 2010க்குப் பிறகு எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏட்டில் இருக்கும் அதே ஆள்தானா என்றும் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் வாங்கும் காசில் பெரும்பங்கு இந்த விசாரிப்புக்குத்தான். பணத்தைத் தம்மிடம் வைத்திருந்து, பழைய அடமானத்தைத் தீர்த்து, வாங்குபவருக்காகக் கேவியட் போடுவதும் அவர் வேலை. விற்பவருக்கு ஆதாய வரி உண்டென்றால் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து 60 நாளில் வருமான வரி வாரியத்துக்குக் கட்டுவதும் உண்டு. அதைப் பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும்.

காசு எவ்வளவு? 300,000 வெள்ளிக்கு ஒருவரிடமிருந்து கைமாறும் பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். 2006இல் நடப்புக்கு வந்த ஊதிய ஆணைப்படி முதல் 150,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 0.7 விழுக்காடு, ஆக 2,550 வெள்ளி. 2017 மார்ச்சில் முதல் 500,000 வெள்ளிக்கும் 1 விழுக்காடு என்று ஆனது, 3,000 வெள்ளி. 2023 ஜூலை 15 முதல் 1.25 விழுக்காடு, 3,750 வெள்ளி. இது விற்பனை ஒப்பந்தத்துக்கு மட்டும். 270,000 வெள்ளி வங்கிக் கடன் எடுத்தால் கடன் பத்திரத்துக்கு அதே வீதத்தில் இன்னொரு 3,375 வெள்ளி. இரண்டுக்கும் 8 விழுக்காடு சேவை வரி, 570 வெள்ளி. கைமாற்ற முத்திரை வரி 5,000 வெள்ளி, கடனுக்கு 1,350 வெள்ளி. தேடல், பதிவு போன்ற சில்லறைச் செலவுகளை விட்டுவிட்டே 14,045 வெள்ளி ஆகிறது.

இதில் வழக்கறிஞர்களுக்குப் போவது 7,125 வெள்ளி. மீதி 6,920 வெள்ளி அரசாங்கத்துக்கு. “எல்லாம் லாயர் தின்றுவிட்டார்” என்று காப்பிக் கடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 500,000 வெள்ளிக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு 2021 முதல் கொடுக்கப்பட்டது. தகுதி இருந்தும் அதைக் கேட்டு வாங்காமல் விட்டால் நட்டம் வாங்குபவருக்கே.

லாட்டார் நெடுஞ்சாலை 2011இல் திறந்தபின் இந்தப் பக்கம் கோலாலம்பூருக்குக் கிட்ட வந்துவிட்டது. புதிய தாமான்களின் விளம்பரப் பலகைகளில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: வழக்கறிஞர் கட்டணம் இலவசம். சட்டி பானையோடு வெளியேறியவரின் பிள்ளைகளுக்கு 3,000, 4,000 வெள்ளி மிச்சம் என்றால் இனிக்கத்தானே செய்யும்?

ஆனால் அந்த வழக்கறிஞருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? மேம்பாட்டாளருக்காகச் செயல்படும் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குபவருக்காகவும் செயல்படக் கூடாது என்று 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறது. எனவே அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு பத்திரத்தை நீட்டுகிறவர் வாங்குபவரின் வழக்கறிஞராக இருக்க முடியாது. தமக்கென்று வழக்கறிஞர் வேண்டாம் என்று வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் தாளும் அந்தக் கட்டில் இருக்கக்கூடும். பத்தோடு பதினொன்றாக அதிலும் கையெழுத்து விழுந்துவிடும்.

புது வீட்டின் விற்பனை ஒப்பந்தம் சட்டமே வகுத்த படிவம், ஒரு வரியையும் மாற்ற முடியாது, தனி வழக்கறிஞர் வைத்து என்ன பயன் என்பார்கள். படிவம் மாறாது, உண்மைதான். மேம்பாட்டாளரின் உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதா, அந்த நிலம் முழுவதும் ஏற்கெனவே ஒரு வங்கியிடம் அடமானத்தில் இருக்கிறதா, கடன் முடங்கினாலும் உங்கள் மனைக்கு உரிமை கொண்டாட மாட்டோம் என்று அந்த வங்கி கடிதம் கொடுத்திருக்கிறதா என்பதையெல்லாம் தனியே சரிபார்க்க வேண்டும். வீடு தாமதமானால் 2002 டிசம்பரில் தொடங்கிய வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் இல்லாமலே பேசலாம். திட்டமே கைவிடப்பட்டு மேம்பாட்டாளர் திவாலாகிவிட்டால், தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் வசூலிப்பது?

இலவசம் என்ற பலகையைப் பார்த்துவிட்டு விற்பனை அலுவலகத்துக்குள் நுழைபவர், பேனாவை எடுக்குமுன் அங்கிருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: “சார், நீங்கள் யாருடைய வழக்கறிஞர்? இந்தக் கட்டில் எனக்கு வழக்கறிஞர் வேண்டாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் தாள் இருக்கிறதா?” இரண்டுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும், இந்தக் கேள்விக்குக் கட்டணமும் இல்லை.