திருச்சி – பலாலி: 184 கி.மீ.

சென்ற வாரம் அம்மா மண்டபம் படித்துறையில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். "பேரன் யாழ்ப்பாணம் போயிருக்கான் ஸார். இங்கே ஏறினான், ஒரு மணி நேரத்தில் அங்கே இறங்கிட்டான். மதுரைக்கு பஸ்ஸில் போகவே இரண்டரை மணி ஆகிறதே!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய அட்லஸையும் நூலையும் எடுத்தேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் வரைபடத்தில் நூலை இழுத்துப் பிடித்து, "ஆ வோல் துவாசோ" என்பார். பறவை பறக்கும் தூரம் என்று அர்த்தம். அப்படி அளந்தால் திருச்சியிலிருந்து பலாலி சுமார் 184 கி.மீ. சென்னையோ ஏறத்தாழ 295 கி.மீ.; கொழும்பு 400-க்கும் மேல். நம் தலைநகரைவிட யாழ்ப்பாணம் நமக்குப் பக்கம்!

இந்த வான்வழி புதிதல்ல. 1938-லேயே டாட்டா விமானம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்தது. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. அந்தக் கம்பெனியின் டகோட்டா ஒன்று 1949 டிசம்பரில் நம் திருச்சியில் இறங்கும்போது விபத்துக்குள்ளானது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

சாமானியர்களுக்கு போட் மெயில்தான். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் சுமார் 35 கி.மீ. கடந்தால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

1990-களில் அலுவலக வேலையாக விமான நிலையத்தை அடுத்துள்ள கொட்டப்பட்டு அகதிகள் முகாமுக்குப் போவேன். பணக்கொடைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது ஒரு பெரியவர், தலைக்கு மேல் போன விமானத்தைப் பார்த்தபடி, "ஐயா, இஞ்சயிருந்து பலாலி எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். மறுமுறை போகும்போது அளந்துகொண்டு போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ்வளவு கிட்டவோ? நாங்கள் வந்து சேர இருபது நாள் எடுத்தது ஐயா" என்றார். காட்டு வழி நடந்து, மன்னாரில் காத்துக் கிடந்து, இரவில் படகேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பிறகு இங்கே வந்த கணக்கு அது. பேரேட்டில் அவருக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் போகிறது. பெரியவர் அதைப் பார்க்க இல்லை. முகாமில் பிறந்த பிள்ளைகள் பலருக்கும் அந்த விமானம் இன்னும் அண்ணாந்து பார்க்கிற விமானம்தான். டிக்கெட் வாங்கப் பணம் சேர்க்கலாம், பாஸ்போர்ட் வேண்டுமே! எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?

முப்பது வருஷத்துக்கு மேல் காகிதங்களோடு இருந்தவன் நான். தூரத்தை நூலால் அளக்கலாம். போய்ச் சேரும் நேரத்தைக் காகிதம்தான் அளக்கிறது.

போட் மெயிலில் இலங்கை போய்வந்த பெரியவர்கள் இதைப் படித்தால், அந்தக் கதையை உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.