ஃபோனில் சிக்கிய இலக்கணம்

ராபர்ட் லௌத் 1762இல் ஆங்கிலத்துக்கு ஒரு சின்ன இலக்கணப் புத்தகம் எழுதினார். பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், பிற்பாடு லண்டன் பிஷப். அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அடிக்குறிப்புகள்தான். ஷேக்ஸ்பியர் இந்த இடத்தில் தப்பு, மில்டன் அந்த இடத்தில் தப்பு, பைபிள் மொழிபெயர்ப்பும் தப்பு என்று வரிசையாகப் போகும். ஷேக்ஸ்பியருக்கே கோட் ரிவ்யூ!

ஆனால் மனுஷனுக்குக் கொஞ்சம் குறும்பும் இருந்திருக்க வேண்டும். 'டு', 'வித்' மாதிரியான சொற்களை வாக்கியக் கடைசியில் தொங்கவிடுவது ஆங்கிலத்துக்குப் பிடித்த வழக்கம், பேச்சில் பரவாயில்லை, கம்பீரமான எழுத்துக்கு ஆகாது என்கிறார். அதைச் சொல்கிற இடத்திலேயே ஒரு 'டு'வைத் தொங்கவிட்டிருக்கிறார்.

1795இல் லிண்ட்லி மர்ரே வருகிறார். அமெரிக்காவில் வக்கீலாகச் சம்பாதித்துவிட்டு, உடல்நலம் கெட்டு, இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பக்கம் குடியேறிய குவேக்கர். அங்கிருந்த பெண்கள் பள்ளி ஆசிரியைகள் கேட்டதால் ஒரு இலக்கணம் எழுதிக் கொடுத்தார். லௌத்திடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். அந்த 'டு' வாக்கியத்தையும்தான். ஆனால் எடுத்தவர் சும்மா இருக்கவில்லை, தொங்கிய 'டு'வை ஒழுங்காக முன்னால் தூக்கி வைத்துவிட்டார். குறும்பு போச்சு, ரூல் மட்டும் மிச்சம். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் விற்றுத் தீர்ந்தது மர்ரேயின் புத்தகம்தான்.

இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதும் அந்தக் காலத்து இலக்கணங்களில் ஊன்றிய ரூல். பூலியன் லாஜிக்கில் ரொம்பச் சரி. ஆனால் சாசர் எழுதிய ஆங்கிலத்தில் எதிர்மறைமேல் எதிர்மறை போட்டால் மறுப்பு இன்னும் அழுத்தமாகும், அவ்வளவுதான். நாம் "இல்லவே இல்லை" என்று சொன்னால் யாராவது "ஓ, இருக்கா?" என்று கேட்பார்களா?

இந்த வம்சத்தில்தான் நம்மூர் 'ரென் அண்ட் மார்ட்டின்' வருகிறது. பி.சி. ரென் பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலால் 1924இல் புகழ்பெற்றவர். அவர் பெயர் போட்ட இலக்கணம் இன்னும் நம் கடைகளில் சிவப்பு அட்டையோடு அடுக்கியிருக்கிறது. நாவலை யாரும் கேட்பதில்லை. பயிற்சிகள் நல்ல பயிற்சிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் கிளையண்ட் காலில் மியூட்டை எடுக்கத் தயங்கி உட்கார்ந்திருப்பதை வாராவாரம் பார்க்கிறேன். வாக்கியத்தை மனசுக்குள் திருத்தி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். "எந்த புக் படிக்கலாம்ணா?" என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது சார்ல்ஸ் ஃப்ரைஸின் கதையை.

ஃப்ரைஸ் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். சாதாரண ஜனங்கள் அமெரிக்க அரசுக்கு எழுதிய கடிதங்களை வைத்து 1940இல் ஓர் இலக்கணம் எழுதினார். அதிலும் திருப்தி இல்லை. கடிதம் என்றாலே ஆள் சட்டை மாட்டிக்கொண்டுதானே உட்காருவான்? அதனால் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்தார். சுமார் ஐம்பது மணி நேரம், ஏறக்குறைய 2,50,000 சொற்கள். பதிவாவது பேசியவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு எந்தக் கமிட்டியும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

அதை வைத்து 1952இல் வந்ததுதான் 'த ஸ்ட்ரக்சர் ஆஃப் இங்கிலீஷ்'. நவுன், வெர்ப் என்ற பழைய பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நான்கு வகுப்புகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்தார். மிச்சச் சொற்களை வாக்கியத்தில் அவை உட்காரும் இடத்தைப் பார்த்து 15 குழுக்களாகப் பிரித்து, ஏ, பி, சி என்று எழுத்துகளை வைத்தார். வேரியபிளுக்கு இப்படிப் பெயர் வைத்தால் நான் மெர்ஜ் செய்ய மாட்டேன், அது வேறு விஷயம்.

ஆனால் அந்தக் குழுக்களைப் பாருங்கள். பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது வரும் 'வெல்', 'ஓ' போன்றவற்றுக்குத் தனிக் குழு. 'லுக்', 'லிசன்' என்று எதிராளியின் கவனத்தை இழுக்கும் சொற்களுக்கு இன்னொன்று. ஒருவர் நீளமாகப் பேசும்போது மறுமுனையில் இருப்பவர் இடையிடையே போடும் சத்தங்களையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். அதாவது, 'ம்' கொட்டுவதை! பள்ளி இலக்கணத்தில் இந்தச் சொற்களெல்லாம் வியப்பிடைச்சொல் என்று கடைசிப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். நாம் "வந்து…", "அது என்னன்னா…" என்று தொடங்குவதைத் தமிழாசிரியர் வெட்டியதுபோலத்தான். பேச்சு நடப்பதோ அவற்றைப் பிடித்துக்கொண்டுதான்.

அடுத்த பெரிய வேலை லண்டனில் நடந்தது. 1959இல் ராண்டால்ஃப் குவர்க் தொடங்கிய ஆய்வு. ஒவ்வொன்றும் 5,000 சொற்கள் கொண்ட 200 பகுதிகள். பாதி எழுத்து, பாதி பேச்சு. எல்லாம் காகிதச் சீட்டுகளில், அலமாரி அலமாரியாக. பேச்சுப் பகுதியைப் பின்னால் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கணினியில் ஏற்றினார்கள். குவர்க்கும் கூட்டாளிகளும் 1985இல் கொண்டுவந்த பெரிய இலக்கணம் 1,700 பக்கங்களைத் தாண்டும். அதைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம் என்பார்கள். நான் படித்துப் பார்த்தேன், முழுக்க இல்லை. தொங்கும் 'டு' அதில் பிழையாக இல்லை, ஆங்கிலத்தின் ஒரு வழக்கமாக இருக்கிறது. எந்த மாதிரிப் பேச்சில் அது இயல்பு, எங்கே தவிர்ப்பார்கள் என்பதும் கூடவே இருக்கிறது. கிட்டத்தட்ட 1762இல் லௌத் சொன்னதுதான்.