தட்டம்மையும் நோயெதிர்ப்பு நினைவும்

தட்டம்மை ஒருமுறை வந்து போனவருக்கு மறுமுறை வருவது மிக அரிது. இதற்கு வலுவான சான்று வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் கிடைத்தது. 1781இல் அங்கே பரவிய தட்டம்மை, பிறகு 65 ஆண்டுகள் தலைகாட்டவில்லை. 1846இல் திரும்பி வந்தபோது 7,782 பேரில் ஏறத்தாழ 6,000 பேரைப் படுக்கையில் தள்ளியது. 1781இல் நோயுற்று மீண்டிருந்த முதியவர் ஒருவரையும் அது தொடவில்லை என்று டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர் பீட்டர் பானும் பதிவுசெய்தார். முன்பு நோய் வராத முதியவர்களோ இம்முறை அதற்கு ஆளாயினர். இடைக்காலத்தில் கிருமி தீவில் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. கிருமியை மீண்டும் சந்திக்காமலேயே நோயெதிர்ப்பு நினைவு ஓர் ஆயுள்காலம் நிலைத்திருக்கிறது.

அந்த நினைவு உடலின் பொதுவான வலிமை அன்று. குறிப்பிட்ட செல்களில் குடியிருப்பது. லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்களான பி செல்லும் டி செல்லும் தத்தமக்கெனத் தனி வடிவ ஏற்பியைக் கொண்டவை. உட்புகுந்த கிருமியின் அடையாளப் பகுதியான ஆன்டிஜென் எதனுடைய ஏற்பியோடு பொருந்துகிறதோ அந்தச் செல்லே பெருகுகிறது. நோய் தணிந்ததும் பெருகியவற்றில் பெரும்பகுதி மடிய, எஞ்சியவை நினைவு செல்களாகின்றன. பி செல் வழிவந்த பிளாஸ்மா செல்கள் சில எலும்பு மஜ்ஜையில் தங்கி, ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. செல்லில் இருக்கும் நினைவு, செல் அழிந்தால் அழியும். தட்டம்மை வைரஸ் கைவைப்பது அங்கேதான்.

இவ்வைரஸ் செல்லுக்குள் நுழைய சிடி150 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. நினைவு செல்களில் அப்புரதம் மிகுதி. காசநோய்க் கிருமியை ஏற்கெனவே அறிந்த குழந்தைகளிடம்கூட, அந்த நினைவைக் காட்டும் டியூபர்குலின் தோல் சோதனை தட்டம்மையின்போது பலிக்காமல் போவதை 1908இலேயே வியன்னா மருத்துவர் பிர்கே கண்டிருந்தார். ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை சில வாரங்களுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவதால், இது தற்காலிகத் தளர்ச்சியே என்று வாதிடலாம். எண்ணிக்கை மட்டும் பேசும் வாதம் அது. புதிதாக நிரம்பும் செல்களில் கணிசமானவை தட்டம்மையை மட்டுமே அறிந்தவை. பிற கிருமிகளை அறிந்திருந்தவற்றின் இடம் வெறுமையாகவே இருக்கிறது. வைரஸ் தன்னைப் பற்றிய நினைவை ஊன்றிவிட்டு மற்றவற்றைத் துடைக்கும் இந்த முரண், பானுமின் முதியவர்களைக் கொண்டு ஊகிக்க முடியாதது.

நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 குழந்தைகளின் ரத்தத்தை, நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களிடமிருந்த பல்வகை எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை மறைந்திருந்தது. 77 என்பது சிறிய எண்ணிக்கைதான்; எனினும் அதே குழந்தைகளை இருமுறை அளந்திருப்பதால் முடிவை எளிதில் தள்ளிவிட முடியாது. வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் கொண்ட தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் இத்தகைய இழப்பு காணப்படவில்லை. நோயுற்ற குழந்தை இழந்ததைத் திரும்பப் பெற, அந்தந்தக் கிருமியை மறுபடி எதிர்கொள்ள வேண்டும். அல்லது அதற்குரிய தடுப்பூசியை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.