நீலன் திருச்செல்வமும் ஊவாத் தோட்டங்களும்

ஆய்வு நிறுவனத்தைக் கட்டியெழுப்பி, அதன் சிந்தனையைச் சட்டவாக்கம் வரை கொண்டுசென்ற தமிழ் அரசியல்வாதிகள் இலங்கையில் மிகச் சிலரே. அவர்களுள் முதன்மையானவர் கலாநிதி நீலன் திருச்செல்வம் (1944-1999). டட்லி சேனாநாயக்க அரசில் உள்ளூராட்சி அமைச்சராயிருந்து 1968 இல் பதவி துறந்த மு. திருச்செல்வத்தின் புதல்வர், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர்.

இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தையும் சட்ட, சமூக நம்பிக்கை நிதியத்தையும் 1982 இல் உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது. 1983 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் பாராளுமன்றம் புகுந்தார். அவ்வாண்டே ஆறாவது திருத்தத்தால் அக்கட்சியினர் ஆசனங்களை இழந்தனர். 1994 இல் தேசியப் பட்டியல் வழியாக மீண்டும் உறுப்பினராகும் வரை இந்நிறுவனங்களே அவரது அரங்காயின. 1995 ஆம் ஆண்டின் அதிகாரப் பகிர்வு யோசனைகளை வரைவதில் அவர் முக்கிய பங்காற்றினார். 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் விடுதலைப் புலிகளின் தற்கொலைக் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட அரசியலமைப்பு வரைவு வாக்கெடுப்புக்கு வராமலே கைவிடப்பட்டது.

அந்த முயற்சியில் ஊவாவும் இடம்பெற்றது என்பது பலருக்கு நினைவிருக்காது. அம்பாறைத் தேர்தல் தொகுதி ஊவாவுடன் இணைவதா என்பதை அத்தொகுதி மக்களிடமே கேட்பதென 1997 ஆம் ஆண்டு வரைவு கூறியது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்குப் பிராந்தியம் பற்றிய யோசனையும் அதனோடு பிணைந்திருந்தது. ஆயினும் எல்லைக்கோடுகளை மையப்படுத்திய அவ்விவாதத்தில், தனிப் பிராந்தியமாகத் திரளாது மலைச்சரிவுகளில் சிதறி வாழும் பதுளைத் தோட்ட மக்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும்.

இம்மக்களின் தேவை வேறு. 1947 இல் பதுளையில் எஸ். எம். சுப்பையாவைத் தெரிவு செய்த வாக்காளர்கள், 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். பின்னாளில் வாக்குரிமை மீண்டபோதும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. தாம் வாக்களித்த சபையிடம் ஒரு பாதையைக்கூடக் கேட்க முடியாத நிலை! இது திருத்தப்பட்டது 2018 இல்தான். இத்தகைய நுண்ணிய முடிச்சுகளைத் தேடி அவிழ்க்கும் ஆய்வுத் திறன் மலையகக் கட்சிகளிடம் நீண்டகாலம் வளரவில்லை.

ஆய்வு மட்டும் இருந்தாலும் போதாது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. குடிபெயர்வதற்குச் சொந்தமாகத் துண்டு நிலமும் இல்லாத தொழிலாளர் குடும்பங்கள் லயங்களிலேயே தங்கியிருந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்தது.