தகரப் பெட்டியும் அலமாரியும்

நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பலேறிப் போய்ச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் குடியேறிய நம்மவர் பலருக்குத் தகரப் பெட்டியே அலமாரி. மேலே அன்றாடத் துணி. நடுவே திருவிழாச் சேலை, வேட்டி. அடியில் பிறப்புப் பத்திரம் முதலிய தாள்கள். 1948-இல் அடையாள அட்டை வந்தது. 1957-இல் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. சிங்கப்பூரில் பிறந்தவர் குடிமக்களாயினர். எட்டாண்டு வாழ்ந்த பிறரும் விசுவாசப் பிரமாணம் செய்து பதிந்துகொள்ள வழி திறந்தது. பிறப்புக்கும் வயதுக்கும் பெட்டியடித் தாள்தானே சாட்சி!

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அடுக்குமாடி வீடுகள் பெருகின. பெட்டியின் இடத்துக்கு அலமாரி வந்தது. ஆனால் பழைய முறை இன்றும் நல்லதே. தோட்டத்து லயமானாலும், துணி அடுக்கும்போது பத்திரங்களுக்கென்று ஒரு தட்டை ஒதுக்குங்கள். சேலை கிழிந்தால் வேறு வாங்கலாம். பத்திரம் தொலைந்தால் பிள்ளையல்லவா அலைய வேண்டும்?